ஆகஸ்டில் பழம் ஏது? ஒரு டிப்ளமோ பாடத்திட்டம் ஒப்புதல் பெற்ற அனுபவம்

சேலத்தில் தன்னாட்சி பெற்ற கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியராக இருந்தபடியே, அதன் கீழ் இயங்கிய சமுதாயக் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் சில ஆண்டுகள் வகித்தேன். அந்தக் காலத்தில் காபித் தோட்டப் பராமரிப்பும் பதப்படுத்தலும் குறித்து ஓராண்டு டிப்ளமோ ஒன்றைத் தொடங்கினோம். அதன் பாடத்திட்டம் முதல் முறை ஒப்புதலுக்குச் சென்றபோது ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. அது 2015 மார்ச். திரும்பி வந்த அந்தக் கோப்பை மீண்டும் எழுதி, மறுபடியும் குழுக்களின் முன் வைத்து, 2016 ஜூலையில் முதல் வகுப்பைத் தொடங்கும் வரை நான் கற்றுக்கொண்டவை, இதே வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரைக் கேட்டதும் பலர் அதைத் தையல் பயிற்சி நிலையம் போன்ற ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். இந்தியாவில் இந்த முயற்சி 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கியது. மேற்படிப்புக்குப் போக முடியாதவர்களுக்கு, அவர்கள் வாழும் ஊரிலேயே பிழைப்புக்கு உதவும் கல்வியை, மதிப்புள்ள சான்றிதழோடு கொடுப்பது அதன் நோக்கம். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு இதை ஒரு திட்டமாக வகுத்தபோது, பாடத்திட்டத்தில் 60 விழுக்காடு தொழில்திறனாகவும் 40 விழுக்காடு பொதுக்கல்வியாகவும் இருக்க வேண்டும் என்றும், ஓராண்டு டிப்ளமோவுக்கு 60 கிரெடிட் (படிப்பு நேரத்தை அளக்கும் அலகு) என்றும், 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது ஐந்தாம் நிலை என்றும் வரையறுத்தது. எங்கள் டிப்ளமோவில் 36 கிரெடிட் திறனுக்கும் 24 கிரெடிட் பொதுக்கல்விக்கும் போயின.

காபியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபியை நட்டுவைத்த காலத்திலிருந்து ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அதுதான் பெரிய வேலைவாய்ப்பு. ஆனாலும் அந்த மலையில் பிறந்து பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அதே தோட்டத்தில் கூலி வேலைக்குத்தான் போனார்களே தவிர, மேற்பார்வையாளராகவோ பதப்படுத்தும் கூடத்தின் பொறுப்பாளராகவோ போனவர்கள் மிகச் சிலர். அந்த இடைவெளியை ஒரு சான்றிதழால் நிரப்ப முடியும் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

தன்னாட்சிக் கல்லூரியில் ஒரு பாடத்திட்டம் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலில் பாடத்திட்டக் குழு. நாங்கள் பேச்சில் போர்டு என்போம். துறைத் தலைவரின் தலைமையில் துறை ஆசிரியர்கள், வெளிக் கல்லூரிகளிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள், கல்லூரி முதல்வர் அனுப்பும் ஆறு பேர் பட்டியலிலிருந்து துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோர் அன்றைய விதிப்படி அதில் இருந்தார்கள். அடுத்தது முதல்வரின் தலைமையில் கூடும் கல்விக் குழு, அதாவது அகாடமிக் கவுன்சில். போர்டு அனுப்புவதை அது ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கலாம். புதிய படிப்பைத் தொடங்க இறுதி ஒப்புதல் தருவது ஆட்சிக் குழு. தன்னாட்சி இல்லாத கல்லூரியாக இருந்தால் இந்த வேலையின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விடும்.

விதியில் ஒரு வரி இருக்கிறது. கல்விக் குழு எதையாவது திருப்பி அனுப்பினாலோ நிராகரித்தாலோ அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்களுடைய கோப்பு திரும்பி வந்தபோது அந்த வரியின் அருமை எனக்கு விளங்கியது, ஏனெனில் எங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டு காரணங்கள் தெளிவாக இருந்தன. களப்பயிற்சிக்கான மணிக்கணக்கு தவறு என்பது ஒன்று. செய்முறைப் பாடங்களை யார் நடத்துவார்கள் என்பது எங்கும் குறிப்பிடப்படவில்லை என்பது மற்றொன்று.

மணிக்கணக்கில் நாங்கள் செய்த பிழை மிகச் சாதாரணமானது. பல கோப்புகளில் இன்றும் அதைப் பார்க்கிறேன். அன்றைய விதிப்படி வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு கிரெடிட் என்றால் ஒரு மணி நேர வகுப்புகள் 15. களப்பயிற்சிக்கு அந்த மதிப்பு பாதிதான்; அதாவது ஒரு கிரெடிட் பெற 30 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். தோட்டப் பயிற்சிக்கு 12 கிரெடிட் ஒதுக்கிய நாங்கள் அதைப் பதினைந்தால் பெருக்கி 180 மணி என்று எழுதியிருந்தோம். சரியான கணக்கு 360 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 45 வேலை நாட்கள். இருபத்திரண்டு நாட்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டு நாற்பத்தைந்து நாட்களுக்கான சான்றிதழைக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். போர்டில் பத்துப் பேர் படித்தும் இது கண்ணில் படவில்லை, ஏனெனில் எல்லோரும் அலகுகளின் தலைப்புகளையே பார்த்தார்கள். மணி என்ற பத்தியைக் கூட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை. கல்விக் குழுவில் வணிகவியல் பேராசிரியர் ஒருவர்தான் அதைக் கூட்டிப் பார்த்தார். பாடம் தெரியாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து எண்களை மட்டும் சரிபார்க்கச் சொல்வதை அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டாவது காரணத்துக்கு விடை தேடித்தான் 2015 ஜூலையில் ஏற்காட்டுக்குப் போனேன். எங்களுக்குப் பயிற்சி இடம் தர ஒப்புக்கொண்டிருந்த தோட்டத்தின் உரிமையாளர்தான் போர்டில் தொழில்துறைப் பிரதிநிதி. அவர் நல்ல மனிதர். கூட்டத்துக்கு வந்தார், பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டார். ஆனால் செய்முறையை நடத்தப் போவது அவர் அல்லர் என்பதால், தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து மேஸ்திரியாகியிருந்த ஓர் அம்மாவைப் பார்க்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்த பாடத்திட்டத்தை, காபி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் அமர்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டில் களப்பயிற்சி, பழம் தேர்ந்து பறித்தல், அன்றைக்கே பல்ப்பர் இயந்திரத்தில் தோல் நீக்குதல், ஊறவைத்துக் கழுவுதல் என்று படித்தபோது அவர் குறுக்கிட்டார்.

"ஆகஸ்டுல பழம் ஏதுங்க சார்?"

எழுந்து போய் அருகில் இருந்த செடியின் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். கணுவுக்குக் கணு காய்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன, எல்லாம் பச்சை. ஒன்றைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். நகம் இறங்கவில்லை. "இன்னிக்கு ஜூலை. அடுத்த மாசமும் இப்படித்தான் இருக்கும். இதைப் பல்ப்பர்ல போட்டா நசுங்கிப்போகும். கார்த்திகை பொறக்கட்டும், ரெண்டு விரல்ல அமுக்கினா கொட்டை தானா வழுக்கிக்கிட்டு வெளிய வரும். அப்ப கூட்டிட்டு வாங்க பிள்ளைங்கள."

மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூ மழைக்குப் பூக்கும் அராபிகா காபி பழுக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும் என்பதும், அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் பாடத்திட்டத்தை எழுதும்போது என் முன் இருந்தது கல்லூரியின் நாட்காட்டி. ஜூன் இறுதியில் முதல் பருவம், நவம்பரில் தேர்வு, டிசம்பரில் இரண்டாம் பருவம் என்ற கட்டத்துக்குள் அலகுகளை அடுக்கியபோது, செய்முறை முதல் பருவத்தில் விழுந்தது. நான், துறை ஆசிரியர்கள், இரண்டு வெளி வல்லுநர்கள், தோட்ட உரிமையாளர் என அனைவரும் அதைக் கடந்து சென்றிருந்தோம்.

அன்று மாலை வரை அங்கேயே இருந்து, ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்டு, எந்த மாதத்தில் தோட்டத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதை அவர் சொல்லச் சொல்ல நிரப்பினேன். மழைக்காலத்தில் வேண்டாத சிம்புகளை ஒடிப்பது, செப்டம்பரில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிப்பது, நவம்பர் நடுவில் முதல் பறிப்பு, டிசம்பரில் பெரும் பறிப்பு, கடைசியில் செடியில் மிஞ்சியதையும் தரையில் உதிர்ந்ததையும் பொறுக்கி எடுப்பது, ஜனவரிக்குள் நாற்றங்காலில் விதைப்பது, அறுவடை முடிந்ததும் கவாத்து. உதிர்ந்த பழத்தை ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அதில்தான் காய்த் துளைப்பான் அடுத்த ஆண்டுக்கு உயிரோடு தங்கியிருக்கும் என்று பதில் வந்தது. எங்கள் பாடத்திட்டத்தில் துளைப்பான் ஓர் அலகிலும் அறுவடை வேறோர் அலகிலும், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருந்தன.

அந்த ஒற்றைத் தாள்தான் பிறகு எங்கள் பாடத்திட்டத்தின் முதல் பக்கமாயிற்று. ஒவ்வொரு செய்முறைத் தலைப்புக்கும் எதிரே நான்கு விவரங்களைக் கட்டாயமாக்கினோம்: எந்த மாதம், எந்த இடம், யார் சொல்லிக்கொடுப்பார், எதைக் கொண்டு மதிப்பிடுவோம். தொழில்சார்ந்த படிப்பு எதுவானாலும், அது ஜவ்வரிசி ஆலையாக இருந்தாலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையாக இருந்தாலும், இந்த நான்கையும் எழுத முடியாத தலைப்பு இன்னும் பாடமாகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

யார் சொல்லிக்கொடுப்பார் என்ற இடத்தில் அந்த மேஸ்திரியின் பெயரை எழுதினேன். அடுத்த போர்டு கூட்டத்துக்கு அவரையும் அழைக்க வேண்டும் என்று சொன்னபோது எதிர்ப்பு வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர் பாடத்திட்டக் குழுவில் எந்தத் தகுதியில் உட்காருவார் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது கெட்ட எண்ணத்தில் அல்ல, தணிக்கைக்குப் பயந்து. நான் விதிகளை எடுத்துவைத்தேன். சிறப்புப் பாடங்களை வகுக்கும்போது, முதல்வரின் ஒப்புதலோடு, வெளியிலிருந்து வல்லுநர்களைக் குழுத் தலைவர் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது; வல்லுநர் என்பவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இல்லை. முதல்வர் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் கூட்டத்துக்கு அந்த அம்மா ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அமர்ந்திருந்தார். வெளி வல்லுநர்களுக்குக் கொடுத்த அதே அமர்வுப் படியையும் பயணப்படியையும் அவருக்கும் கொடுத்தோம். கூட்டத்தைத் தமிழில் நடத்தினோம்.

அன்றைய கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது மதிப்பீடுதான். பழைய வரைவில் பறிப்புப் பயிற்சிக்குப் பதிவேட்டுக்கு நாற்பது மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு இருபது என்று இருந்தது. தோட்டத்தில் ஒரு புதிய ஆளின் வேலையை எப்படிப் பார்ப்பீர்கள் என்று வெளி வல்லுநர் ஒருவர் மேஸ்திரியைக் கேட்டார். பையைக் கொட்டி, கை போன போக்கில் நூறு பழத்தை எண்ணி எடுத்து, அதில் பச்சை எத்தனை, அரைப்பழம் எத்தனை, காய்ந்து கறுத்தது எத்தனை என்று பிரித்துப் பார்ப்பதாகவும், காம்பை ஒடித்துப் பறித்திருந்தால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் பூ வராது என்பதால் பையோடு செடியையும் பார்ப்பதாகவும் சொன்னார். அதையே செய்முறைத் தேர்வாக எழுதினோம். பதிவேடு பத்து மதிப்பெண்ணுக்குக் குறைந்தது.

மிச்சம் இருந்தது நாட்காட்டி. இந்த ஒரு டிப்ளமோவுக்காகத் தேர்வு அட்டவணையை மாற்ற முடியாது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபது சொச்சம் மாணவர்களுக்காகத் தனியே வினாத்தாள் அச்சிட்டு, தனியே கண்காணிப்பாளர் போட வேண்டும். களப்பயிற்சியை டிசம்பரில், வழக்கமான இரண்டாம் பருவத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய யோசனை. அதையும் மேஸ்திரியிடம் தொலைபேசியில் கேட்டேன். டிசம்பரில் பெரும் பறிப்பு நடக்கும்போது ஒவ்வொருவரும் கிலோக் கணக்கில் கண்ணாக இருப்பார்கள், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் நேரம் இருக்காது, நவம்பர் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுக்கும் முதல் பறிப்பில்தான் கண்ணும் விரலும் பழகும் என்றார். அந்தக் காரணத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அலுவலர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முதல் பருவத் தேர்வு இந்தப் படிப்புக்கு மட்டும் நவம்பர் முதல் வாரத்திலேயே முடியும். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள் போகப் பொங்கலுக்கு முன் 45 வேலை நாட்கள் தோட்டத்தில். மீதி வகுப்புகள் தை பிறந்த பிறகு. கல்விக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இருபது நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஆட்சிக் குழுவில் கட்டணம் பற்றி மட்டும் பேசினார்கள்.

கூட்டக் குறிப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதல் போர்டு கூட்டத்தின் குறிப்பில் "சில திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது" என்று எழுதியிருந்தோம். எந்தத் திருத்தங்கள் என்பது ஆறு மாதம் கழித்து ஒருவருக்கும் நினைவில்லை. இரண்டு ஆசிரியர்கள் இரண்டு வெவ்வேறு படிகளை இறுதிப் படி என்று வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை, எந்த அலகில் எந்த வரி, பழைய சொல் என்ன, புதிய சொல் என்ன, யார் சொன்னது, ஏன் என்பதைத் தனித்தனித் தீர்மானமாக எழுதி, கூட்டம் கலைவதற்கு முன்பே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். அன்று அரை மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. பிறகு கல்விக் குழுவிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் விடை அந்தத் தாள்களிலேயே இருந்தது.

மறு ஆய்வை எப்போது செய்வது என்பதையும் ஒப்புதலின்போதே எழுதிவைத்தோம். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் தொழிற்பயிற்சிப் படிப்பு ஒவ்வொன்றையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்த மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. எங்களை அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கால அளவு எங்களுக்கும் பொருந்துவதாகத் தோன்றியதால், இரண்டு அணிகள் படித்து வெளியேறியதும் 2018-இல் மறு ஆய்வு என்று தீர்மானத்தில் சேர்த்தோம்.

அந்த மறு ஆய்வுக்கு முன்னாள் மாணவர் ஒருவரை அழைக்க விரும்பினோம். விதிப்படி அந்த இருக்கை முதுகலை முடித்தவருக்கு உரியது; டிப்ளமோ முடித்தவர் அதில் உட்கார முடியாது. எனவே முதல் அணியில் படித்து, ஒரு தோட்டத்தின் பல்ப்பர் கூடத்துக்குப் பொறுப்பாளராகியிருந்த இளைஞரைச் சிறப்பு அழைப்பாளராக வரவழைத்தோம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாக்களிக்க முடியாவிட்டாலும் பேச முடியும். பழத்தைக் கழுவுவதையும் காயவைப்பதையும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள், கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்று எங்கும் சொல்லவில்லையே சார் என்று அவர் கேட்டார். சதையும் பிசினும் கரைந்த அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் புளித்து நாறும் என்றும், கீழே அவருடைய ஊர்க்காரர்கள் ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது அதே ஓடையில்தான் என்றும் சொன்னார்.

கழிவு நீரைத் தொட்டியில் தேக்கிச் சுண்ணாம்பு இடுவது, சதையை உரமாக மக்கவைப்பது ஆகியவற்றுக்கு மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. மொத்த மணிகள் கூடக் கூடாது என்பதால் வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். காபி சார்ந்த தாவரக் குடும்பத்தின் வகைப்பாட்டுக்கு நான் ஆறு மணி நேரம் வைத்திருந்தேன். மிகவும் விரும்பி நடத்திய பாடம் அது. அதிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீக்கிய வரிகளும் சேர்த்த வரிகளும் காரணமும், கேள்வி எழுப்பிய மாணவரின் பெயரும் தீர்மானத்தில் எழுதப்பட்டன. ஓடைத் தண்ணீரைப் பற்றிய வகுப்பு அந்த ஆண்டு நவம்பரிலேயே, தோட்டத்துத் தொட்டியின் அருகில் நடந்தது.